ஏப்ரலில் ஹர் கி தூன் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுக்கொள்

தங்கச்சி, ஏப்ரலில் இமயமலைக்குப் போகிறேன் என்றதுமே எல்லாரும் உன்னிடம் குளிரைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். குளிருக்குத் துணி இருக்கிறது. சீசன் தொடக்கத்தில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது உருகத் தொடங்கிய பனியும், அதனால் பெருகும் ஓடைகளும்தான். இரண்டும் மணிக்கு மணி மாறும். அந்த மலையில் உன் கையில் இருக்கிற மிக முக்கியமான சாமான் கைக்கடிகாரம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள், சுமார் 3,566 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹர் கி தூன். சங்கரி என்ற ஊரிலிருந்து தாலுகா, கங்காட், ஓஸ்லா என்ற ஊர்கள் வழியாக சூபின் ஆற்றை ஒட்டியே வழி ஏறும். இந்த சூபின் கீழே நைட்வாரில் ரூபினோடு சேர்ந்து டோன்ஸ் ஆறாகி, பிறகு யமுனையில் போய்க் கலக்கிறது. எதிரே 6,252 மீட்டர் உயர ஸ்வர்கரோகிணி. பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிப்போன மலை என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். ஏப்ரலில் கீழே காடெல்லாம் புரான்ஷ் பூ சிவந்து கிடக்கும். ஓஸ்லா தாண்டினால் நிழல் விழும் சரிவுகளில் பனி உட்கார்ந்திருக்கும். ஒரே பயணத்தில் வசந்தத்தையும் குளிர்காலத்தையும் பார்க்கலாம் என்பதுதான் இந்த மாதத்தின் அழகு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

டேராடூனிலிருந்து சங்கரி சுமார் 200 கிலோமீட்டர். மலைச்சாலை என்பதால் ஒரு முழுப் பகல் போய்விடும். மழை பெய்தால் மண் சரிந்து வழி அடைபடும். அதனால் திரும்பும் ரயிலையோ விமானத்தையோ இறங்கிய மறுநாளுக்கே போட்டுவைக்காதே. நடுவில் இரண்டு நாளாவது சும்மா விட்டுவை. அந்த இரண்டு நாள் கையில் இருந்தால்தான், மேலே வானம் கறுக்கும்போது பதறாமல் ஒரு கூடாரத்தில் காத்திருக்க மனசு வரும். செலவுக்கான ரொக்கத்தையும் டேராடூனிலேயே எடுத்துக்கொள்.

இனி கடிகார விஷயம். பனி வெயிலில் உருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற ஓடை, பிற்பகலில் முழங்காலுக்கு மேல் வந்துவிடும். பெரிய ஆற்றின் மேல் மரப்பாலங்கள் இருக்கின்றன. பக்கத்துச் சரிவுகளிலிருந்து வந்து சேரும் சிற்றோடைகள்தான் ஆளைச் சாய்ப்பவை. அதனால் காலை ஆறு மணிக்கெல்லாம் நடையைத் தொடங்கு. ஓடைகளை முற்பகலுக்குள் தாண்டிவிடு. மதியத்துக்கு மேல் தண்ணீர் கலங்கி, உள்ளே கல் உருளும் சத்தம் கேட்டால் இறங்கவே வேண்டாம். இக்கரையிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் தாண்டு.

தாண்டும் முறையையும் சொல்கிறேன். குறுகலான இடம் சுலபம் என்று தோன்றும். அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். அகன்று, கிளை பிரிந்து, கூழாங்கல் தெரிய ஓடுகிற இடத்தைத் தேடு. முதுகுப்பையின் இடுப்பு பெல்ட்டையும் மார்பு கிளிப்பையும் கழற்றிவிடு. விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். வெறுங்காலோடு இறங்காதே, அந்தத் தண்ணீரில் கால் ஒரு நிமிஷத்தில் மரத்துப்போகும். ஷூவோடு இறங்கு, சாக்ஸை மட்டும் கழற்றிப் பைக்குள் வை. முகத்தைத் தண்ணீர் வருகிற பக்கம் திருப்பி, கோலை முன்னால் ஊன்றிக்கொண்டு பக்கவாட்டில் நகரு. ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் எடு. அக்கரை ஏறியதும் துடைத்து, காய்ந்த சாக்ஸைப் போட்டு, உடனே நட. உட்கார்ந்தால் நடுக்கம் பிடித்துக்கொள்ளும்.

பனிக்கும் இதே நேரக்கணக்குதான். விடிகாலையில் கண்ணாடி மாதிரி இறுகி வழுக்கும். ஷூவில் மாட்டுகிற மைக்ரோஸ்பைக்ஸ் அப்போது கட்டாயம். பதினோரு மணிக்கு மேல் இளகி, தொடை வரை கால் புதையும். அந்த மாதிரிச் சரிவில் ஒரு கிலோமீட்டர் நடந்தாலே உடம்பு சோர்ந்துவிடும். ஓடையின் மேல் பாலம்போல் மூடிக் கிடக்கிற பனியை மட்டும் நம்பவே நம்பாதே. மேலே வெள்ளையாக, தடிப்பாகத்தான் இருக்கும். அடியில் தண்ணீர் அதை அரித்துக் கூரையாக்கி வைத்திருக்கும். நடுப்பகுதி லேசாகக் குழிந்திருந்தாலோ, ஓரத்தில் கருநீலமாய் ஒரு விரிசல் ஓடினாலோ, காலுக்குக் கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டாலோ, அது இன்றோ நாளையோ இடிந்து விழப்போகிறது. அங்கே உள்ளூர் வழிகாட்டி சொல்வதுதான் முடிவு. சங்கரியிலோ ஓஸ்லாவிலோ பிறந்த ஒருவர் இந்தப் பயணத்துக்கு அவசியம். அவருக்குக் கொடுக்கிற கூலியில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

உயரத்துக்கு வருவோம். சுமார் 2,500 மீட்டரைத் தாண்டியதுமே யாருக்கும் தலைவலியும் குமட்டலும் வரலாம். ஜிம்முக்குப் போகிறவர்கள், இளவயசுக்காரர்கள் என்று அது பார்க்காது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஒரு நாளில் தூங்குகிற உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. தலைவலி இருந்தால் அன்றைக்கு மேலே ஏறாதே. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரியானாலும் துணையோடு கீழே இறங்கு. இந்த உயரக் கோளாறுக்கான டையமாக்ஸ் மாத்திரையைத் தோழி கொடுத்தாள் என்று போட்டுக்கொள்ளாதே. சல்ஃபா அலர்ஜி இருக்கிறவர்களுக்கு அது ஆகாமல் போகலாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டு எடுத்துப் போ.

துணியில் ஒரே ஒரு விதி. உடம்பை ஒட்டிப் போடுவது பருத்தியாக இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி தெய்வம். அங்கே வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், மேலே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட். ராத்திரிக்கு என்று ஒரு ஜோடி சாக்ஸை பாலிதீன் கவரில் கட்டி வை, எந்தக் காரணத்துக்கும் பகலில் அதைத் தொடாதே. பனியில் நடக்கும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே. வெளிச்சம் கீழேயிருந்தும் அடிக்கும் என்பதால் சன்ஸ்க்ரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் தடவு.

சாப்பாட்டில் அரிசியை மறந்துவிடு. 3,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசியும் பருப்பும் லேசில் வேகாது. அவல், வறுத்த சேமியா, வீட்டில் தயாரித்த ரவை உப்புமா மிக்ஸ், பருப்புப்பொடி, கடலை மிட்டாய், பேரீச்சை இவை போதும். வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் அவல் தயார். கேஸ் கேனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், டேராடூனில் வாங்கு. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். கிராமத்தில் ராஜ்மாவும் மண்டுவா ரொட்டியும் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடு. மண்டுவா வேறொன்றும் இல்லை, நம் கேழ்வரகுதான். ஓடைத் தண்ணீர் எத்தனை தெளிவாக இருந்தாலும் மேலே ஆடு மேயும். கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடி. நுண்குழல் ஃபில்டராக இருந்தால் ராத்திரி தூங்கும் பைக்குள் வைத்துக்கொள். உறைந்தால் உள்ளே கிழிந்துபோகும், வெளியே பார்த்தால் தெரியாது. போனையும் பேட்டரிகளையும் அதே பைக்குள் வை, குளிரில் சார்ஜ் வேகமாக இறங்கும்.

இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். உயரத்தாலும் அலைச்சலாலும் பீரியட்ஸ் தேதி தப்பி வரலாம். தேதி இல்லாவிட்டாலும் நாப்கினோ கப்போ எடுத்துக்கொள். ஜில்லென்ற தண்ணீரில் கப்பைக் கழுவுவது சிரமம். அதனால் வீட்டிலேயே சில மாதங்கள் பழகியிருந்தால் மட்டும் கப். பயன்படுத்திய நாப்கினைப் புதைக்காதே, எரிக்காதே. கறுப்பு ஜிப் கவரில் போட்டுக் கீழே கொண்டு வா. ஒதுங்குவதற்குத் தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போய், ஒரு சாண் ஆழம் தோண்டி மூடு. நீ நிற்கிற இடத்துக்குக் கீழே இருக்கிற ஓஸ்லாவும் கங்காடும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. வெட்கப்பட்டுக்கொண்டு நாள் பூரா தண்ணீர் குடிக்காமல் நடக்கிற பெண்கள் உண்டு. அதுவே தலைவலியையும் மயக்கத்தையும் கொண்டுவரும். கூட வருகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல், நிற்கச் சொல்.

சங்கரியைத் தாண்டினால் போன் சிக்னலை எதிர்பார்க்காதே. சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ அரசு அனுமதியில்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். வெளிநாட்டிலிருந்து அண்ணன் வாங்கி வந்தது என்று சொல்லி எடுத்துப் போகாதே. அதற்குப் பதில், எந்த நாளில் எங்கே தங்குகிறாய், எந்தத் தேதியில் சங்கரி திரும்புகிறாய், வழிகாட்டியின் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடு. அந்தத் தேதியைத் தாண்டி ஒரு நாள் ஆனால் எந்தத் தயக்கமும் இல்லாமல் 112-க்கு அடிக்கச் சொல்.

ஒவ்வொரு நாளும் திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய். மதியம் 12 என்று வைத்தால், ஹர் கி தூன் கண்ணுக்கு எதிரே அரை மணி தூரத்தில் தெரிந்தாலும் 12-க்குத் திரும்பிவிடு. இந்த மாதத்தில் ஓஸ்லா வரை மட்டும் போய், மரவீடுகளையும் புரான்ஷ் காட்டையும் பார்த்துவிட்டு வந்தாலே அது முழுமையான பயணம்தான். மேலே பனி அதிகம் என்று வழிகாட்டி சொன்னால், மே கடைசியிலோ செப்டம்பரிலோ இன்னொரு டிக்கெட் போட்டுக்கொள்ளலாம்.