சனிக்கிழமை ஆசை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன் என்று முதல் வரியிலேயே முடிவு கட்டிவிடாதே. அக்கா போன் பண்ணினாள், அழுதாள், அது தனி. இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸ் மெமோ மாதிரி இருக்கும், தமிழில் எழுதுங்கள் என்று உன் அத்தைதான் சொன்னாள். பத்து வருஷம் வாராவாரம் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விட்ட உரிமையில் எழுதுகிறேன். கடைசி வரை படி.

இரண்டு கோடை மைதானத்தில் அணிவகுத்து வாசித்த டிரம் கோரை விட்டுவிட்டு, கடைசி வருஷத்துக்குப் பெரிய கோர் ஒன்றில் சேர ஆடிஷன் போகப்போகிறாயாம். 21 வயதோடு சரி, அதற்கு மேல் களத்தில் இடம் கிடையாது. இருபத்தோரு வயதில் ஓய்வு கொடுத்து அனுப்புகிற இன்னொரு இடத்தை நான் பார்த்ததில்லை. அதனால் உன் அவசரம் எனக்குப் புரிகிறது. போகாதே என்று சொல்ல மாட்டேன். முடிவு உன்னுடையது.

ஆகஸ்டில் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். இண்டியானாபொலிஸில், லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்கு வெளியே பஸ் பக்கத்தில் நீ நின்றாயே, அந்த ராத்திரி. வெள்ளியன்று ஆடியவர்களில் பன்னிரண்டு கோர்தான் சனிக்கிழமை பைனல்ஸுக்குப் போகும். உங்களுக்கு இடமில்லை என்று தெரிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அத்தை கொடுத்த புளியோதரை டப்பாவை வாங்கி பஸ் படிக்கட்டில் வைத்தாய், அப்படியே மறந்துபோனாய். நீ புளியோதரையை மறந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் மேல் அடுக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து பைனல்ஸ் முழுக்கப் பார்த்தாய். ஒரு கைதட்டல் இல்லை. விரல் மட்டும் தொடையில் ஓடிக்கொண்டே இருந்தது, கீழே எவனோ வாசித்ததை நீ வாசித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கே அத்தையிடம் சொன்னேன், இவன் அடுத்த வருஷம் இடம் மாறுவான் என்று.

அந்தச் சனிக்கிழமை ஆசையைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஆசைக்காக எதைக் கழற்றி வைக்கிறாய் என்று பார். பேஸ் டிரம் வரிசையில் நீங்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு டிரம், ஒரு சுருதி. ஒரே ஆள் ஓடவிட வேண்டிய அடிகளை ஐந்து பேர் துண்டு போட்டு வாசிக்கிறீர்கள். நாலாவது டிரம்காரனான உனக்கு வருவது சில சமயம் ஒரே ஒரு அடி. மூன்றாவது ஆள் விட்ட இடத்தில் அது விழ வேண்டும். நூலளவு முந்தினாலும் ஓட்டம் நொண்டிவிடும். அதையும் ஐந்து கெஜத்தை எட்டே எட்டில் கடக்கிற நடையில், டிரம்மைச் சுமந்துகொண்டு, சமயத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டு செய்ய வேண்டும். மூன்றாவது டிரம்காரன் மூச்சு வாங்குவதை வைத்தே அடுத்து என்ன வரும் என்று தெரியும் மாமா, என்று நீதான் சொன்னாய். அதற்கு உனக்கு எத்தனை மாதம் ஆயிற்று? புது இடத்தில் குச்சி பிடிக்கிற விதம் மாறும், குச்சி எழும்புகிற உயரம் மாறும், மணிக்கட்டு எவ்வளவு, முழங்கை எவ்வளவு என்கிற கணக்கு மாறும். கை படிந்ததை மறக்கவே பாதி சீசன் போய்விடும். சீசனே ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் முடிந்துவிடுகிறது.

மாற்றம் என்றாலே ஆகாது என்கிற ஆள் இல்லை நான். ஸ்டார் ஆஃப் இண்டியானா கோரைப் பற்றி உனக்கு முதலில் சொன்னவனே நான்தான். 1985-ல் முதல் தடவையாகக் களத்துக்கு வந்து, அந்த வருஷமே பன்னிரண்டுக்குள் வந்தார்கள், 1991-ல் சாம்பியன். 1993-க்குப் பிறகு போட்டியே வேண்டாம் என்று மேடைக்குப் போய்விட்டார்கள். அதிலிருந்து வந்த ‘பிளாஸ்ட்’ மேடை நிகழ்ச்சி 2001-ல் பிராட்வே வரை போயிற்று. புது இடத்துக்குத் துணிந்து போனவர்களுக்குக் கிடைத்தது அது. ஆனால் பெரிய பெயரை நம்பி நின்றவர்களையும் பார். 2018-ல் ஜெயித்த சான்டா கிளாரா வேன்கார்ட் 2023-ல் களத்துக்கே வரவில்லை. 1934-ல் நியூ ஜெர்ஸியில் தொடங்கி, பத்து முறை சாம்பியனான கேடட்ஸ் 2024-ல் மூடியே போனது. கடைசி வருஷத்தை அங்கே வைத்திருந்த பிள்ளைகளை நினைத்துப் பார்.

நீ போகப்போகிற கோர் மூடப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். உன்னைக் கொஞ்சம் பயமுறுத்தத்தான் எழுதினேன். அந்த வரிகளை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும்.

மார்க்கைப் பற்றியும் ஒன்று. 2008 பைனல்ஸில் பாண்டம் ரெஜிமென்ட் ப்ளூ டெவில்ஸை எவ்வளவில் ஜெயித்தது? 0.025 மார்க். அந்த வித்தியாசத்துக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கும் அந்தப் பக்கம் நின்றவனுக்கும் அந்தக் கோடை ஒரே கோடைதான்: அதே ஜிம் தரை, அதே ராத்திரி பஸ், அதே வெயில். வருஷத்துக்கு ஒரு கோர்தான் ஜெயிக்கிறது. சாம்பியன் மோதிரத்துக்காக ஓடுகிறவர்களைப் பற்றி நீயே என்ன கிண்டல் பண்ணுவாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

இனி என் கதைக்கு வரப்போகிறேன் என்று கண்ணை உருட்டாதே. தீபாவளிக்குத் தீபாவளி கேட்டதுதான்: 1994, என் பிஎச்டி, கைடு மாறியது, இரண்டு வருஷம் கூடுதலாக ஆனது. பெரிய புரொபசரின் ஆய்வகத்தில் நான் பதினோராவது ஆள். ஆறு மாதம் வரை என்னை வேறு ஒரு பையனின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், நானும் திரும்பிப் பார்த்தேன். இதைச் சொல்லித்தான் எல்லாரையும் சிரிக்க வைப்பேன்.

சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அத்தைக்குக்கூடப் பாதிதான் தெரியும். பழைய கைடுக்கு மூன்றே மூன்று மாணவர்கள். என் முதல் கட்டுரையை வரி வரியாகத் திருத்திக் கொடுத்த மனிதர். பனிக்காலத்தில் எனக்குச் சரியான கோட்டு இல்லை என்று பார்த்து, தன் மகனுடையதைக் கொண்டுவந்து நாற்காலியில் மாட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனவர். அவரிடம் போய், நான் போகிறேன் என்று நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு பக்கம் டைப் அடித்து, அவருடைய தபால் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து லிப்டில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். ஒன்றும் பேசவில்லை. புது ஆய்வகம் இருந்த ஐந்தாவது மாடிக்கு எனக்காகப் பொத்தானை அமுக்கினார். அவர் மூன்றில் இறங்கிப் போனார். முப்பது வருஷம் ஆயிற்று, எனக்கு லிப்ட் பிடிக்காது என்று நீங்களெல்லாம் கேலி பண்ணுகிறீர்கள்.

அதனால்தான் உங்கள் வரிசையில் முதல் டிரம் வாசிக்கிற பொடியன் எனக்கு ஞாபகம் வருகிறான். பதினேழு வயசு, உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பிடக்கூட உட்காருவான். வருகிற கோடையில் நீதான் அந்த வரிசைக்குப் பெரியவன். பெரியவனாக நிற்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கப்போவதில்லை, நீ இருந்தால் பார்த்தே கற்றுக்கொள்வான். அங்கே போனால் ஐந்தாவது ஆளாக, வாயை மூடிக்கொண்டு நிற்கப் போகிறாய். அதுவும் எடுத்தால். இதைச் சொல்லக்கூடாது என்று அத்தை சொன்னாள். சொல்லிவிட்டேன்.

போவதென்று ஆகிவிட்டால் ஒன்றே ஒன்று செய். ஆடிஷனுக்கு முன்னால் உங்கள் பெர்கஷன் மாஸ்டருக்குப் போன் பண்ணு. மெசேஜ் வேண்டாம், ஈமெயில் வேண்டாம். நீ புது கோரின் டி-ஷர்ட்டில் நிற்கிற போட்டோவை வேறு யாராவது காட்டி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அதே ராத்திரி மற்ற நாலு பேருக்கும் சொல்லிவிடு. திட்டினால் திட்டட்டும்.

அப்புறம் உன் கால். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி என்று ஜூலையில் சொன்னாய், பிறகு கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். மே கடைசியில் உள்ளே போய்விட்டால் காலையிலிருந்து ராத்திரி வரை தார் ரோட்டு மாதிரிக் கொதிக்கிற தரையில்தான் நிற்கப்போகிறாய். எந்த கோராக இருந்தாலும் எலும்பு ஒன்றுதான். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், அப்பாயின்ட்மென்ட் வாங்கியாகிவிட்டது. அக்காவுக்குச் சொல்லவில்லை.

நிறையப் பேசிவிட்டேன். உன்மேல் கோபம் துளிகூட இல்லையடா. நம் குடும்பத்தில் எவனுக்கும் தாளம் நிற்காது. நீ ஒருத்தன்தான் வேறு. தாத்தா வீட்டு அண்டாவை நீ தட்டியபோதே அவர் அதைச் சொன்னது உனக்குத் தெரியும். எங்கே நின்று வாசித்தாலும் நீ எங்கள் தங்கம். சீசன் கட்டணத்தில் பாதி என்னுடையது. செக்கில் கோர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீயே எழுதிக்கொள். பருப்புப்பொடியும் அரை டஜன் சாக்ஸும் பார்சலில் வருகிறது. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவர் சத்தம் போட்டால் எதிர்த்துப் பேசாதே.

ஆகஸ்டுக்கு ஹோட்டல் போட்டாயிற்று. வியாழன், வெள்ளி, சனி, மூன்று ராத்திரிக்கும். அத்தை இந்தத் தடவை புளியோதரையை இரண்டு டப்பாவில் கட்டப்போகிறாளாம், ஒன்று அந்தப் பொடியனுக்கு.

அன்புடன்,
மாமா