எல்லாக் கொப்பியிலும் ஒரே கட்டுரை

கேள்வி: ஏழாம் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். 'எனது ஊர்' என்று கட்டுரை கொடுத்தால் எல்லாரும் ஒரே வசனங்களையே எழுதுகிறார்கள். சொந்தமாக எழுத வைப்பது எப்படி?
– ஆசிரியை, மருதமுனை

பதில்: தலைப்பைச் சுருக்குங்கள் டீச்சர். 'எனது ஊர்' மனப்பாடத்தைத்தான் வரவழைக்கும். தறிச் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளையிடம் தறியைப் பற்றியும், கரைவலைக்காரரின் பிள்ளையிடம் வாப்பா வீடு திரும்பும் நேரத்தைப் பற்றியும் கேளுங்கள். அதைப் பார்த்தெழுத எந்தக் கொப்பியும் இல்லை.

முதல் பிரதியில் சிவப்புப் பேனா வேண்டாம். 'எங்கட உம்மா' என்று எழுதினால் அப்படியே இருக்கட்டும்; திருத்தம் இரண்டாம் பிரதிக்கு. பக்கத்துப் பெரியநீலாவணையின் நீலாவணன் இந்த மண்ணின் பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர். அவரும் ஆசிரியர்தான்.

மூத்தம்மாவிடம் ஒரு கவி கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பிறகு அதே ஓசையில் பிள்ளை தானே நாலடி கட்டட்டும். நம் கரையோரத்தில் கவி கட்டியவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள்; உங்கள் மாணவருக்கு அது பெரிய துணிச்சலைத் தரும்.

சித்திரம் படிக்கும் பிள்ளை வரைந்துவிட்டு எழுதலாம், நாடகம் படிப்பவர் உரையாடலாக எழுதலாம். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு வழமையாகப் போகிறவர்களை விடுங்கள். வாய் திறக்காத பிள்ளையின் எழுத்தை, அதன் சம்மதத்தோடு, நீங்களே வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.