மார்ஷல் தீர்ப்பைப் பற்றி எழுதும்போது

பழங்குடிகளின் மீன்பிடி உரிமை பற்றி எழுத உட்காருகிறவர்கள் கனடாவின் மார்ஷல் வழக்கைத் தொடாமல் போவதில்லை. ஆனால் பாதி விஷயம் விடுபட்டுப்போகிறது.

செய்ய வேண்டியவை

வழக்கு எவ்வளவு சிறியது என்பதை முதலில் சொல்லுங்கள். 1993 ஆகஸ்டில் நோவா ஸ்கோஷியாவின் பாம்கெட் துறையில், துணைக்கு ஒருவரோடு சின்ன மோட்டார் படகில் போய் டொனால்ட் மார்ஷல் பிடித்து விற்றது 463 பவுண்டு விலாங்கு. கையில் வந்தது 787 டாலர் 10 சென்ட். உரிமம் இல்லாமல் பிடித்தார், விற்றார், தடைக்காலத்தில் வலை போட்டார் என்று வழக்கு. செய்யாத கொலைக்காக 11 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வந்த, மிக்மாக் என்ற பழங்குடியைச் சேர்ந்த மனிதர் அவர். இதையும் கட்டாயம் எழுதுங்கள்.

1760-61 உடன்படிக்கைகளை விளக்குங்கள். பிரிட்டிஷாரின் வணிகச் சாவடிகளில் மட்டுமே பண்டம் விற்போம் என்று மிக்மாக்குகள் ஒப்புக்கொண்டார்கள். பார்த்தால் கட்டுப்பாடுதான். ஆனால் விற்கச் சொன்னால், விற்பதற்கான மீனைப் பிடிக்கவும் உரிமை இருந்தாக வேண்டும். பேச்சுவார்த்தைப் பதிவுகளையும் வைத்துப் பார்த்து 1999 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மிதமான வாழ்வாதாரத்துக்கு மீன் பிடித்து விற்கலாம் என்றது.

அதே ஆண்டு நவம்பர் 17 அன்று அதே நீதிமன்றம் தந்த விளக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

செய்யக்கூடாதவை

அந்த விளக்கத்தைக் காட்டி, நீதிமன்றம் பின்வாங்கிவிட்டது என்று எழுதாதீர்கள். மீன்வளப் பாதுகாப்பு போன்ற வலுவான காரணத்துக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், விதித்தால் அதற்கு நியாயம் காட்ட வேண்டும் என்றுதான் சொன்னது. உரிமை அப்படியே நின்றது.

‘சலுகை’ என்ற சொல் வேண்டவே வேண்டாம். இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது.

1990 ஸ்பாரோ தீர்ப்போடு குழப்பாதீர்கள். மஸ்கியம் என்ற பழங்குடி மக்களின் அந்த வழக்கு உணவுக்கும் சடங்குக்குமான மீன்பிடிப்பைப் பற்றியது. விற்பனை அங்கே பேச்சில்லை.

2020இல் நடந்ததை ‘மீனவர்களுக்குள் தகராறு’ என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். சிபெக்னேகாடிக் என்ற மிக்மாக் சமூகம் மார்ஷல் தீர்ப்பை நம்பி, தன் சொந்த ஏற்பாட்டில் சிங்கி இறால் பிடிக்கப் படகு இறக்கியது. பழங்குடியினர் அல்லாத மீனவர்களின் எதிர்ப்பு வன்முறையானது. மிக்மாக்குகளின் இறால் இருந்த ஒரு கிடங்கு அக்டோபரில் தீக்கிரையானது.

‘மிதமான’ என்றால் எவ்வளவு என்று வரையறுக்கும்வரை அவர்கள் காத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். அந்தக் கிடங்கு எரிந்தபோது தீர்ப்பு வந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. அளவைப் பேசி முடித்திருக்க வேண்டியது ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு.