தட்டத் தெரிந்த வெற்றி வீரர்

இந்த மாதப் பாடத்துக்கு ஒரு சண்டை வீரரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். "சண்டையா? அதுவும் நம்ம வகுப்புலயா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளைக் கைப்பேசியில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. 2017-இல் நம்ம நாட்டு அகிலன் தாணி, சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்காகப் பென் அஸ்க்ரெனோடு மோதினார். அப்போதிருந்து இந்த விளையாட்டைப் பற்றிப் பேசாத பசங்களே கிடையாது. பார்ப்பதுதான் பார்க்கிறோம், அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டால் என்ன?

நான் எடுத்துக்கொண்டவர் கனடாவின் ஜார்ஜ் செயின்ட்-பியர். ரசிகர்களுக்கு ஜி.எஸ்.பி. மொத்தம் 28 போட்டிகள், 26 வெற்றி, 2 தோல்வி. யூ.எஃப்.சி. அமைப்பில் இரண்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றவர். 2019-இல் ஓய்வு பெற்றார்.

அந்த 26 வெற்றிகளை நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த இரண்டு தோல்விகள் மேல்தான் கண். நான் எந்திரப் பொறியியல் மாணவன். எங்கள் துறையில் ஒழுங்காக நிற்கும் பாலத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. விழுந்த பாலத்துக்குத்தான் பாடப்புத்தகத்தில் தனி அத்தியாயம்.

1. கிராமத்துப் பையன்

1981 மே 19-ஆம் தேதி, கியூபெக் மாநிலத்தில் செயின்ட்-இசிடோர் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளியில் பெரிய பையன்களின் பகடிவதைக்கு ஆளானார். உடுப்பையும் காசையும் பிடுங்கிக்கொள்வார்களாம். ஏழு வயதில் அப்பாவே கியோகுஷின் கராத்தே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

1993-இல் நடந்த முதல் யூ.எஃப்.சி. போட்டியில், பிரேசிலின் ராய்ஸ் கிரேசி என்ற ஒல்லியான மனிதர் தன்னைவிடப் பெரிய ஆட்களை ஜியு-ஜிட்சு பிடிகளால் அடக்கினார். அதைப் பார்த்துத்தான் ஜி.எஸ்.பி.க்கு இந்த ஆசை வந்தது. ஆசைக்குச் செலவு உண்டே! இரவு விடுதியில் வாசல் காவலர், குப்பை லாரியில் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். மாண்ட்ரியலிலிருந்து பஸ் ஏறி நியூயார்க் போய்ப் பயிற்சி எடுத்தார். 2002-இல் முதல் தொழில்முறைப் போட்டி.

2. ஒரு விநாடி மிச்சம்

2004 அக்டோபர் 22, அட்லாண்டிக் சிட்டி. ஜி.எஸ்.பி.க்கு வயது 23. 77 கிலோ பிரிவின் பட்டத்துக்கான போட்டி. எதிரே மேட் ஹியூஸ், அவர் அண்ணாந்து பார்த்து வளர்ந்த வீரர். போட்டிக்கு முன் நேருக்கு நேர் நிற்கும்போது ஹியூஸின் கண்ணைக்கூடத் தன்னால் பார்க்க முடியவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ஒரு சுற்று ஐந்து நிமிடம். முதல் சுற்றின் 4:59-இல் ஹியூஸ் அவருடைய கையைப் பிடித்து நீட்டிப் பூட்டினார். இந்தக் கைப்பூட்டு என்பது சுத்தமான நெம்புகோல் கணக்கு. எதிராளியின் மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடுப்பை மேலே தூக்கினால், இடுப்பு ஆதாரப்புள்ளி ஆகிவிடும், முழங்கை தப்பான பக்கம் வளையப் பார்க்கும். விடாப்பிடியாக இருந்தால் தசைநார் கிழியும். அதனால்தான் "தட்டுதல்" என்று ஒரு விதி இருக்கிறது. உள்ளங்கையால் எதிராளியின் உடம்பையோ தரையையோ தட்டினால் போட்டி அங்கேயே முடிந்தது.

ஜி.எஸ்.பி. தட்டினார். இன்னும் ஒரே ஒரு விநாடியில் மணி அடித்திருக்கும்.

"சே, ஒரு விநாடி தாங்கியிருக்கக்கூடாதா?" என்றுதான் நமக்குத் தோன்றும். அவர் அந்த விநாடியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. மல்யுத்தம் தனக்குப் போதவில்லை என்று கணக்குப் போட்டார். ஹியூஸ் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் பேர் எடுத்தவர். ஜி.எஸ்.பி. பள்ளியிலோ கல்லூரியிலோ மல்யுத்தமே ஆடியதில்லை. நேரே மாண்ட்ரியலில் கனடாவின் தேசிய அளவு மல்யுத்த வீரர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்குப் போனார். அங்கே அவர் நட்சத்திரம் இல்லை, புதுசா வந்த பையன். நாளுக்கு எத்தனை தடவை தரையில் விழுந்தாரோ!

பலன் என்ன தெரியுமா? 2006 நவம்பரில் அதே ஹியூஸை இரண்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றார். 2007 ஆகஸ்டில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தச் சாம்பியனாக இருந்த ஜாஷ் கோஸ்செக்கை மல்யுத்தத்திலேயே மிஞ்சினார். அதே ஆண்டு டிசம்பரில் மூன்றாவது தடவையாக ஹியூஸைச் சந்தித்தார். இந்த முறை கைப்பூட்டு போட்டது ஜி.எஸ்.பி. மூன்று வருடத்துக்கு முன்னால் தன்னைத் தட்டவைத்த அதே வகைப் பிடி.

3. செங்கல்

இரண்டாவது தோல்வி இதைவிட வலித்தது. 2007 ஏப்ரலில் ஹூஸ்டன் நகரில் மேட் செர்ராவோடு மோதினார். பட்டத்தைத் தக்கவைக்கும் முதல் போட்டி. செர்ரா ஜெயிப்பார் என்று அநேகமாக யாருமே எதிர்பார்க்கவில்லை. முதல் சுற்றிலேயே அடி விழுந்தது, பட்டம் போனது.

அதன் பிறகு பயிற்சிக் குழுவை மாற்றினார். மாண்ட்ரியலின் ட்ரைஸ்டார் கூடத்தில் ஃபிராஸ் ஸஹாபி அவருடைய முதன்மைப் பயிற்சியாளர் ஆனார். இன்னொரு சங்கதியும் உண்டு. மனப் பயிற்சி அளித்தவரின் யோசனைப்படி, ஒரு செங்கல்லில் செர்ராவின் பெயரை எழுதி, அதை ஆற்றில் தூக்கி எறிந்தார். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருத்தன் மேல் உள்ள கறுவலைச் சுமந்துகொண்டு திரிவது, பையில் செங்கல்லோடு மாடி ஏறுவது மாதிரிதானே?

2008 ஏப்ரல் 19, மாண்ட்ரியல். யூ.எஃப்.சி. கனடாவில் நடத்திய முதல் நிகழ்ச்சி அதுதான். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால், இரண்டாம் சுற்றில் செர்ராவைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகு அவர் தோற்கவே இல்லை. தொடர்ந்து ஒன்பது தடவை பட்டத்தைக் காத்தார். இடையில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை. சுமார் ஒன்றரை ஆண்டு கழித்து, 2012 நவம்பரில் திரும்பி வந்து கார்லோஸ் காண்டிட்டை வென்றார்.

4. பயந்தேன் என்று சொன்னவர்

இவ்வளவு பெரிய வீரர், ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் பயப்படுவேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சண்டை தனக்குப் பிடிக்காது, என்ன நடக்குமோ என்ற அந்தக் காத்திருப்பு தாங்க முடியாதது என்றும் சொல்லியிருக்கிறார். பயத்தை மறைக்க அவர் வாய்ச்சவடால் விடவில்லை. பயம் எங்கே இருக்கிறதோ அங்கே பயிற்சியைக் கூட்டினார்.

2013 நவம்பரில் ஜானி ஹெண்ட்ரிக்ஸோடு நடந்த போட்டியில் நடுவர்களின் தீர்ப்பே பிளவுபட்டது. மயிரிழையில் வெற்றி. அந்தப் போட்டிக்கு முன்பே, சுயேச்சையான ஊக்கமருந்துச் சோதனை வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆதரவு போதவில்லை. அடுத்த மாதமே, கையில் பட்டம் இருக்கும்போதே, அதைத் துறந்து ஒதுங்கினார். யூ.எஃப்.சி.யில் சுயேச்சையான சோதனைத் திட்டம் வந்தது 2015 ஜூலையில்தான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் 4-ஆம் தேதி நியூயார்க்கில் மறுபடி இறங்கினார். இந்த முறை 84 கிலோ பிரிவு. எதிரே சாம்பியன் மைக்கல் பிஸ்பிங். மூன்றாம் சுற்றில் பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடி. பிஸ்பிங் தட்டவில்லை, நினைவிழந்தார். இரண்டாவது பிரிவிலும் பட்டம் கிடைத்தது. அடுத்த மாதமே பெருங்குடல் புண் நோய் என்று மருத்துவர்கள் சொல்ல, அந்தப் பட்டத்தையும் விட்டுக்கொடுத்தார்.

2019 பிப்ரவரி 21-ஆம் தேதி மாண்ட்ரியலில் ஓய்வை அறிவித்தார். வயது 37. உச்சத்தில் இருக்கும்போதே விலகுவதற்கும் கட்டுப்பாடு வேண்டும் என்ற கருத்தை அன்று சொன்னார். தலையில் தொடர்ந்து அடி வாங்கினால் மூளை என்ன ஆகும் என்பது இன்று மருத்துவ உலகுக்குத் தெரிந்த விஷயம். "இன்னும் ஒரே ஒரு போட்டி" என்று இழுத்துக்கொண்டே போய் உடம்பைக் கெடுத்துக்கொண்ட வீரர்கள் எத்தனையோ பேர். அவர் வேண்டியவர்களோடு பேசிச் சிரிக்கத் தேவையான மூளையை மிச்சம் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

5. நம்ம 'கெத்து'

இப்போது நம்ம கதைக்கு வருவோம்.

"அவன் முறைச்சான், நான் விடுவனா?" ஃபுட்சல் மைதானத்திலும் மாமாக் கடையிலும் இந்த வசனத்தை நாம் கேட்டிருக்கிறோம். பின்வாங்கினால் கெத்து போயிடும். அந்தக் கெத்துக்காக ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கும் இன்னொருத்தன் லாக்கப்புக்கும் போகிறான். இரண்டு வீட்டிலும் அம்மா அழுகிறாள். கைகலப்பையே தொழிலாக வைத்திருந்த ஒருவர், பல்லாயிரம் பேர் பார்க்க, தரையைத் தட்டி "போதும், நீ ஜெயித்தாய்" என்று ஒப்புக்கொண்டார். அவர் கெத்து எங்கே போனது? இரண்டு வருடத்தில் பட்டத்தோடு திரும்பி வந்தது.

படிப்பிலும் இதே கதைதான். என் விடுதியில் தினமும் பார்க்கிறேன். டுட்டோரியலில் விரிவுரையாளர், "புரியாதவர்கள் கை தூக்குங்கள்" என்றால் ஒரு கையும் எழாது. வெளியே வந்ததும், "மச்சான், உனக்குப் புரிஞ்சுதா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வோம். ஒரு பாடத்தில் தேறாமல் போனதை வீட்டில் சொல்லாமல் மறைத்து, அடுத்த பருவத்திலும் அதே பாடத்தில் மாட்டிக்கொண்ட பையன்களைத் தெரியும். அப்பா அம்மா ஓவர்டைம் செய்து கட்டும் பணம் அது. முழங்கையில் வலி ஆரம்பித்ததும் தட்டியிருந்தால், மறுநாள் மறுபடி பயிற்சிக்கு வந்திருக்கலாம். தட்டாமல் இருந்தால் கை உடையும்.

ஒரு சந்தேகம் வரும். "அப்படியென்றால் கஷ்டம் வந்தால் விட்டுவிட வேண்டியதுதானா?" இல்லை. தட்டுவது வேறு, ஓடிப்போவது வேறு. ஜியு-ஜிட்சு வகுப்பில் ஒரே இரவில் பத்துத் தடவை தட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும், "எங்கே மாட்டினேன்?" என்று கேட்டுவிட்டு மறுபடி பிடிக்க உட்காருவார்கள். தட்டிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்குப் போனால் அது ஓட்டம். கேட்டால் அது பாடம்.

எல்லோருக்கும் ஜி.எஸ்.பி.யின் உடல்வாகும் பயிற்சியாளர்களும் கிடைக்காது, உண்மைதான். ஆனால் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கும் அறைக்குள் போய், கடைசி ஆளாக நிற்கிற மனசு யாருக்கும் கிடைக்கும். அதற்குக் காசும் வேண்டாம்.

வகுப்பில் கலந்துரையாட

1. உங்களுக்கு எது வராது? ஆங்கிலத்தில் பேசுவதா, கணக்கா, கோபத்தை அடக்குவதா? ஒன்றை மட்டும் தாளில் எழுதுங்கள். அதில் உங்களைத் தோற்கடிக்கக்கூடிய ஓர் ஆளின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த வாரமே அவரிடம் போய்க் கேளுங்கள்.

2. யார் பெயர் எழுதிய செங்கல்லை நீங்கள் சுமக்கிறீர்கள்? பெயரைச் சொல்ல வேண்டாம். அது எவ்வளவு நாளாகக் கனக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

3. வீட்டில் இதுவரை சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு தோல்வியை யாரிடம் முதலில் சொல்லலாம்? அப்பாவிடம் பயமாக இருந்தால் அக்காவிடம், மாமாவிடம், வகுப்பு அண்ணனிடம் சொல்லலாம். யாரிடமாவது தட்டுங்கள். கை உடைவதற்கு முன்னால்.