மாமல்லையில் ஒரு நாள்

சித்திரைத் திங்களின் பிற்பகுதி. கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. ஏறத்தாழ 25 நாள் நீடிக்கும் அவ்வெயிலில் தெருவில் நடப்பாரும் குறைவர். மரத்தில் அசையும் இலைகளும் குறைவு. எங்கள் வீடு காஞ்சிபுரத்தில், நெசவாளர் வாழும் தெரு ஒன்றில் இருக்கிறது. என் தந்தையார் பட்டு நெய்பவர். வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி உண்டு. காலையில் எங்களை எழுப்புவது அத்தறியின் ஒலியே. இரவில் எங்களை உறங்கச் செய்வதும் அதுவே. அன்னையார் தார் சுற்றித் தருவார். பாட்டி பட்டு நூலின் சிக்கலை எடுத்துக்கொண்டே கதை சொல்லுவார். ஒன்பது வயதுத் தம்பியும், ஐந்து வயதுத் தங்கையும் தறியைச் சுற்றி விளையாடுவர். மூத்தவனாகிய நான் அவ்விருவரும் பாவின் மேல் கை வைக்காதபடி காவல் இருப்பேன்.

நெசவாளர் வீட்டில் விடுமுறை என்பது நாட்காட்டியில் வருவதன்று. ஒரு பாவு முடிந்து, மறு பாவு தறியில் ஏறும் இடைவெளியே அவர்களுக்கு ஓய்வு. அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு பாவு முடிந்தது. புதிய பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முடிபோடும் ஆள் நாளை மறுநாள்தான் வருவதாகச் சொல்லி அனுப்பினார். தந்தையார் சற்று எண்ணினார். பிறகு எங்களை நோக்கி, "நாளை மாமல்லபுரம் போவோமா?" என்று கேட்டார். தம்பி குதித்தான். தங்கை, போகும் இடம் எது என்று அறியாமலே தானும் குதித்தாள். அன்னையார் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் சென்று, பருப்புப் பானைக்குள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து எண்ணினார். போக்குவரத்துச் செலவிற்கு அது போதும் என்று கண்ட பின்னரே அவர் முகம் மலர்ந்தது.

அன்றிரவே ஏற்பாடுகள் தொடங்கின. பாட்டி புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டுவதற்கு வேண்டியவற்றை எடுத்து வைத்தார். மாவடுவை ஒரு சிறு பாத்திரத்தில் இட்டார். குடிநீருக்கு இரண்டு கூசாக்கள், மோருக்கு ஒரு தூக்கு, பனையோலை விசிறி ஒன்று, தலைக்குக் கட்டப் பருத்தித் துண்டுகள் ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டன. அன்னையார் எங்களை அருகில் அழைத்து, "சிறு குழந்தைகளின் உடல் பெரியவர் உடலைவிட விரைவில் சூடேறும். விளையாட்டில் மூழ்கிய பிள்ளைக்குத் தாகமும் தெரியாது. ஆகையால் நான் தரும்போதெல்லாம் மறுக்காமல் நீர் பருக வேண்டும்" என்றார். பின்னர்த் தங்கையின் மணிக்கட்டில் தந்தையாரின் தொலைபேசி எண்ணை மையால் எழுதினார். "இது எதற்கு அம்மா?" என்றாள் அவள். "நீ வழி தவறினால் உன்னை எங்களிடம் சேர்ப்பதற்கு" என்றார் அன்னையார். பின் என்னைப் பார்த்து, "இவள் கை நாளை முழுவதும் உன் கையில் இருக்கட்டும்" என்றார். நானும் பெருமையோடு தலையசைத்தேன்.

விடியுமுன் புறப்பட்டோம். பேருந்து பாலாற்றின் பக்கமாக ஓடியது. கோடையில் அது நீராறாக இல்லை. வெண்மணல் ஆறாகவே கிடந்தது. செங்கற்பட்டில் வண்டி மாறினோம். திருக்கழுக்குன்றத்து மலைக்கோயில் இளவெயிலில் தோன்றி மறைந்தது. காலை எட்டு மணி அளவில் மாமல்லபுரம் சேர்ந்தோம். "நாம் இன்று புதிய ஊருக்கு வரவில்லை, நம் ஊரின் துறைமுகத்திற்கு வந்திருக்கிறோம்" என்றார் தந்தையார். எனக்கு அது விளங்கவில்லை. பல்லவர்க்குத் தலைநகர் காஞ்சி. கடல் வாணிகத்திற்குத் துறைமுகம் மாமல்லை. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது சிறப்புப் பெயர், அப்பெயரே ஊர்ப்பெயராயிற்று. கடற்கரைக் கோயிலை எழுப்பிய இராசசிம்மனே எங்கள் ஊர்க் கைலாசநாதர் கோயிலையும் எழுப்பினான். இவற்றை அவர் சொல்லக் கேட்டபோது, உறவினர் வீட்டிற்கு வந்தது போன்ற உணர்ச்சி எனக்கு உண்டாயிற்று.

முதலில் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் நின்றோம். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அப்பாறையை நடுவே ஒரு பிளவு இரு கூறாக்குகிறது. பிளவின் ஒரு பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் ஒருவரைக் காண்கிறோம். அவரை அருச்சுனன் என்பர் சிலர். கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பர் வேறு சிலர். அறிஞர் வழக்கு எப்படியாயினும் ஆகுக; என் தம்பி தங்கையரின் கண்கள் தவசியிடம் செல்லவில்லை. பெரிய யானைகளின் காலடியில் நிற்கும் குட்டிகளைத் தங்கை எண்ணத் தொடங்கினாள். முன்கால்களை உயர்த்தித் தவம் செய்வதுபோல் நடிக்கும் பூனையையும், அதனை நம்பிச் சூழ்ந்து நிற்கும் எலிகளையும் தம்பி கண்டுபிடித்தான். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானை நான் கண்டேன். பாட்டி மட்டும் தவசியைக் கைகூப்பி வணங்கினார்.

அருகிலுள்ள கிருட்டிண மண்டபத்தில், மலையைக் குடையாக ஏந்திய கண்ணனின் நிழலில் ஆயர்பாடியே குடியிருக்கிறது. அங்கே ஒருவர் பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்குகிறது. "எவ்வளவு பெரிய மழை பெய்தாலும், கன்றுக்குப் பால் வேண்டும், வீட்டு வேலை நடந்தாக வேண்டும். இதைச் செதுக்கியவன் குடும்பத்தில் வாழ்ந்தவன்" என்றார் அன்னையார். தந்தையார் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நாங்கள் இழை தவறினால் பிரித்து நெய்யலாம். இவன் உளி தவறினால் என் செய்திருப்பான்?" என்று மெல்லச் சொன்னார். 1984 ஆம் ஆண்டில் இவ்வூர்ச் சிற்பங்களை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. எனினும் ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளிக்குத் தந்த அந்தப் பாராட்டே என் நெஞ்சில் நிலைத்தது.

தபசுப் பாறைக்கு அணித்தாக ஒரு குரங்குக் குடும்பத்தின் சிற்பம் உண்டு. ஒரு குரங்கு மற்றொன்றின் தலையில் பேன் பார்க்கிறது. குட்டியோ தாயின் மார்போடு ஒட்டியிருக்கிறது. அதனைக் கண்டதும் தங்கை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "பாட்டி எனக்குத் தலை வாருவதுபோல் இருக்கிறது" என்றாள். நாங்கள் எழுப்பியும் எழவில்லை. "மீண்டும் வருவோம்" என்று சொல்லித்தான் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

உச்சிப்பொழுதில் பாறைகள் சுடத் தொடங்கின. கண்டது போதாது என்று தம்பி முரண்டு செய்தான், அன்னையார் இணங்கவில்லை. மரநிழலில் துண்டை விரித்து அமர்ந்தோம். பாட்டி சோற்றை உருட்டி எங்கள் கைகளில் வைத்தார். வீட்டில் உண்ட அதே புளிச்சோறுதான். ஆயினும் மரநிழலில் அதன் சுவையே வேறு. மூதாட்டி ஒருத்தி அங்கே நுங்கு விற்றுக்கொண்டிருந்தாள். அவளிடம் நுங்கு வாங்கி உண்டோம். மூன்று மணிக்கு மேல் கடற்கரை நோக்கிப் புறப்பட்டோம்.

வழியில் சிற்பக் கூடங்கள் பல இருந்தன. ஒரு கூடத்தில் இளைஞர் ஒருவர் கல்லில் யானையின் துதிக்கையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உளியின் ஒலி எங்கள் வீட்டுத் தறியொலிபோல் தாளம் தவறாமல் எழுந்தது. அதனைக் காண நான் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று அறியேன். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றதை உணர்ந்தபோதுதான் என் நெஞ்சு திடுக்கிட்டது. அக்கைகளுள் ஒன்றில் இருந்திருக்க வேண்டிய சிறு கை எங்கே? திரும்பிப் பார்த்தேன். மக்கள் திரளில் அவளைக் காணவில்லை.

நான் கதறி ஓடினேன். முன்னே சென்றுகொண்டிருந்த பெற்றோர் நின்றனர். தந்தையாரின் முகம் வெளுத்தது. ஆயினும் குரல் தடுமாறவில்லை. "குழந்தை காணாமற்போனால் முதலில் நீர்ப்பக்கம் பார்க்க வேண்டும், மற்ற இடங்களில் தேடக் காலம் உண்டு, நீரில் இல்லை" என்று கூறிக் கடலை நோக்கி ஓடினார். அன்னையார் வந்த வழியே திரும்பினார். நானும் உடன் ஓடினேன். பாட்டி தம்பியைப் பற்றிக்கொண்டு சிற்பக் கூடத்தின் வாயிலிலேயே நின்றார். குழந்தை திரும்பி வந்தால் அவ்விடத்தில் ஒருவர் இருக்க வேண்டும் அன்றோ? "அவள் மனம் எங்கே நின்றதோ, அங்கே கால் போயிருக்கும். குரங்கைப் பாருங்கள்!" என்று பாட்டி பின்னிருந்து கூவினார்.

அவ்வழி முழுவதும் அலையோசை என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. காலையில் இனிமையாகக் கேட்ட ஓசை அப்போது அச்சமூட்டியது. தபசுப் பாறையைக் கடந்தோம். குரங்குச் சிற்பத்தின் அருகே தங்கை உட்கார்ந்திருந்தாள். நுங்கு விற்ற மூதாட்டி தன் முந்தானையால் அவளுக்கு நிழல் செய்துகொண்டிருந்தாள். "பிள்ளை கையில் ஏதோ எழுதியிருந்தது, தாயே. வேர்வையில் கலைந்துவிட்டது, கலையாவிட்டாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. தேடி வருவீர்கள் என்று உட்கார்த்தி வைத்தேன்" என்றாள். அன்னையார் குழந்தையை அணைத்துக்கொண்டார். மற்றொரு கையால் அம்மூதாட்டியின் கையைப் பற்றினார். அவர் வாயிலிருந்து சொல் எழவில்லை. தங்கையோ என்னைப் பார்த்து, "அண்ணா, நீ தொலைந்து போய்விட்டாய். அதனால்தான் நான் குட்டிக் குரங்கோடு இருந்தேன்" என்றாள். அவள் சொல்லில் பிழை இல்லை. தொலைந்தவன் நானே.

தந்தையாருக்குச் செய்தி சொல்லப்பட்டது. அவர் வந்து குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். என்னைக் கடிவார் என்று எதிர்பார்த்துத் தலைகவிழ்ந்து நின்றேன். அவர் என் தோளில் கை வைத்து, "தறியில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வோம்?" என்று கேட்டார். "தறியை நிறுத்துவோம், இழையைத் தேடி முடிபோடுவோம்" என்றேன். "இழையின் மேல் சினந்து பயன் உண்டோ?" என்றார். "இல்லை" என்றேன். "அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போவதுதான் குற்றம். நீ உடனே கூவினாய், அஞ்சி மறைக்கவில்லை. அதனால் நாங்கள் விரைந்து தேட முடிந்தது. ஆனால் இனி இழையை விடாதே" என்றார். கடிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். அச்சொல் கேட்டு அழுதேன்.

மாலையில் கடற்கரைக்குச் சென்றோம். குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பமுற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது என்று பள்ளியில் படித்திருந்தேன். படித்தது அன்று உடலுக்கும் புரிந்தது. கடலில் இறங்கி நீராட ஒருவரையும் தந்தையார் விடவில்லை. "மேலே அலை கரைக்கு வருவதுபோல் தோன்றும், அடியில் நீர் உள்ளே இழுக்கும்" என்றார். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியதை அவர் நினைவூட்டினார். நெடுங்காலம் மணலில் மறைந்திருந்த சில செதுக்குப் பாறைகள் அன்று வெளிப்பட்டன. "கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்றல் ஆகாது, மேட்டு நிலத்திற்கு ஓட வேண்டும்" என்றார். கதிரவன் எங்கள் முதுகுப்புறம் மறைய, நாங்கள் அறுவரும் கைகோத்து ஒரே வரிசையில் நின்றோம். அலை வந்து எங்கள் பாதங்களை மட்டும் நனைத்துச் சென்றது.

வீடு திரும்பியபோது இரவு பத்து மணி. தங்கை தந்தையாரின் தோளில் உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் என் விரலைப் பற்றியிருந்தன. மறுநாள் காலை முடிபோடும் ஆள் வந்தார். நானும் அவர் அருகில் அமர்ந்து, பழைய இழையும் புதிய இழையும் ஒன்றாவதைக் கண்டேன். குடும்பமும் ஒரு பாவே. அதில் பெரியோர் இழைகளும் உண்டு. சிறியோர் இழைகளும் உண்டு. பணம் மிகுதியாகச் செலவிட்டு நெடுந்தொலைவு செல்வதனால் மட்டும் உலா இனிதாவதில்லை. ஒருவர் கையை ஒருவர் விடாதிருப்பதனாலேயே அது இனிதாகிறது. அக்கோடையில் நான் கற்ற பாடம் இதுவே.

பயிற்சி

1. நெசவாளர் குடும்பத்திற்கு ஓய்வுநாள் எப்போது கிடைக்கிறது?
2. குழந்தை காணாமற்போனபோது தந்தை, தாய், பாட்டி ஆகிய மூவரும் செய்தவை யாவை? அவர்கள் அவ்வாறு செய்ததன் காரணம் என்ன?
3. "தொலைந்தவன் நானே" என்று மூத்தவன் கூறியது ஏன்?
4. உங்கள் குடும்பத்தோடு நீங்கள் சென்றுவந்த ஓர் உலாவைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.