‘வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்’ என்றே நிற்கிறதா?

தருவைகுளம் மாதிரி கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊரில், பழைய போனில் டிடபிள்யூஆர்பி ரெக்கவரி ஏற்றும்போது கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவில்லையா? மென்பொருளைத் திட்டுமுன் சார்ஜிங் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடலுக்குப் போய்வந்த போனில் உப்பும் பஞ்சும் அடைந்து, பின்களில் களிம்பு ஏறியிருக்கும். சார்ஜ் ஏறும், டேட்டா போகாது. இரண்டுக்கும் கம்பி வேறு. போனை அணைத்து, மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். குண்டூசி வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில்தான் உள்ளே போகும்.

அடுத்து கேபிள். மலிவு கேபிள்கள் சிலவற்றில் சார்ஜ் கம்பி மட்டுமே உண்டு. ஒரு போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். நீல நிற யுஎஸ்பி 3 துளை முரண்டு பிடித்தால் 2.0 துளையில் செருகுங்கள்.

ஏடிபியில் தெரியும் போன் ஃபாஸ்ட்பூட்டில் காணாமல்போனால், பெரும்பாலும் விண்டோஸ் டிரைவர்தான் குற்றவாளி. போன் ஃபாஸ்ட்பூட்டில் இருக்கும்போதே டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அங்கே ‘ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்’ டிரைவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஏடிபியில் ‘அன்ஆதரைஸ்டு’ என்று வந்தால், போன் திரை அனுமதி கேட்டுக் காத்திருக்கிறது.

ரெக்கவரி ஏற்றுவதற்காகப் பூட்லோடரைத் திறந்தால் பெரும்பாலான போன்களில் எல்லாம் அழிந்துவிடும். ஜிபிஎஸ் ஆப்பில் குறித்துவைத்த வலைபோடும் இடங்களை முதலில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.