தரவுத்தளத்துக்கு ஒரு செல்லப்பெயர்

நம் சங்கத்து இளைஞர்களில் பலர் கணிப்பொறி வேலையில் இருப்பதால் இம்முறை ஜாவா பாடம். மற்றவர்களும் படிக்கலாம், பாதி வீட்டுச் சமாசாரம்தான்.

"பாட்டி வீட்டுக்குப் போகிறோம்" என்று நம் குழந்தை சொன்னால் அது கும்பகோணம். எதிர் வீட்டுக் குழந்தை சொன்னால் திருநெல்வேலி. சொல் ஒன்று, விலாசம் வேறு. ஜாவா நிரல் தரவுத்தளத்தைக் கூப்பிடுவதும் இப்படித்தான் இருக்க வேண்டும். முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் நிரலுக்குள் எழுதிவிட்டால், சோதனைக் கணினியிலிருந்து நிஜக் கணினிக்குப் போகும்போதெல்லாம் நிரலைத் திருத்த வேண்டும். ஓரிடம் விட்டுப்போனால், சோதனை என்று நினைத்து அழிக்கும் பதிவு நிஜ வாடிக்கையாளருடையதாக இருக்கும்.

1999-இல் வந்த ஜே2இஇ 1.2 இதற்கு வழி செய்திருந்தது. நிரல் 'ஜாவா:காம்ப்/என்வ்/ஜேடிபிசி/கணக்கு' என்ற பெயரை மட்டும் கேட்கும். வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் ரிசோர்ஸ்-ரெஃப் என்ற பகுதியில் "இப்பெயரில் எனக்கு ஒரு டேட்டாசோர்ஸ் வேண்டும்" என்று அறிவித்துவிடுகிறோம். அது எந்தத் தரவுத்தளம் என்பது சர்வர் நிர்வாகியின் பொறுப்பு. சிக்கல் என்னவென்றால், பெயரையும் தரவுத்தளத்தையும் முடிச்சுப் போடும் கோப்பு வெப்லாஜிக்கில் ஒரு மாதிரி, வைல்ட்ஃபிளையில் வேறு மாதிரி. நிரல் எந்தச் சர்வருக்கும் வரும். அந்தக் கோப்பு வராது.

2009-இல் ஜாவா இஇ 6, டேட்டாசோர்ஸ்டெஃபினிஷன் என்ற குறிப்பைக் கொண்டுவந்தது. டிரைவர், முகவரி, கடவுச்சொல் எல்லாம் மூட்டை கட்டிப் பயன்பாட்டோடு வந்துவிடும். இதைப் புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அரை மனசுதான். வெளியே துரத்திய கடவுச்சொல் கொல்லைப்புறமாக நிரலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறதே! அதை வெளியிலிருந்து நிரப்பச் சில சர்வர்கள் வசதி தருகின்றன. ஆனால் முறை சர்வருக்குச் சர்வர் மாறும்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: நிரல் எப்போதும் செல்லப்பெயரையே கேட்கட்டும். டேட்டாசோர்ஸ்டெஃபினிஷன் சோதனைக் கணினியோடு நிற்கட்டும். நிஜ இடத்தில் நிர்வாகியே முடிச்சுப் போடட்டும்.

இன்னொன்று. 2020-இல் ஜகார்த்தா இஇ 9 வந்தபோது பல பொதிகள் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று பெயர் மாறின. டேட்டாசோர்ஸ்டெஃபினிஷனும் மாறியது. ஆனால் ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல்.டேட்டாசோர்ஸ் அடிப்படை ஜாவாவைச் சேர்ந்தது என்பதால் மாறவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள், நிரல் கட்டாது.